அறுபதுக்குத் திரும்பிய எண்

எஸ்தர் கணிதம் படித்தவள். செஞ்சியில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தாள். மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் துபாய்க்குப் போகும்போது கடவுச்சொல்லை இவளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அது இவள் வேலை.

மே மாதம் மெயில் நிற்கத் தொடங்கியது. நினைவகம் நிறைந்ததும், இயங்குதளத்தின் கருவான கர்னல், ஓடுகிற நிரல் எதையாவது கொன்று இடம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் அது கொன்றது மெயில் வாங்கும் நிரலை. எஸ்தர் ஓடிவந்து கிளப்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை பனமலைப் பக்கத்து ஊரில் அக்கா எலிசபெத்தின் குழந்தைக்கு ஞானஸ்நானம். எஸ்தர்தான் ஞானத்தாய். சேர்க்கை விண்ணப்பங்கள் ஞாயிறும் மெயிலில் வரும்.

"நின்னுபோனா யாரு பாக்கறது? சரி பண்ணிட்டுப் போம்மா" என்றார் முதல்வர்.

இணையத்தில் தேடினாள். நினைவகத்தில் இருப்பதை எவ்வளவு தாராளமாக வன்வட்டுக்குத் தள்ளலாம் என்று கர்னலுக்குச் சொல்ல ஓர் எண் உண்டு. இங்கே அது அறுபது. பத்து வை என்றார் ஒருவர். பத்து வைத்தால் நிரல் இன்னும் சீக்கிரம் சாகும் என்றார் அதன் கீழேயே இன்னொருவர். இருவருக்குமே பலர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

பத்து வைத்தாள். மெயில் நிற்கவில்லை.

வியாழக்கிழமை கரண்ட் போனது. யுபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வர் அணைந்து, திரும்ப எழுந்தது. அதன் பிறகும் மெயில் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை எண்ணைப் பார்த்தாள். அறுபது. மாற்றியதை அமைப்புக் கோப்பில் எழுதிவைக்காமல் விட்டிருந்தாள். அணைந்ததும் பழையது வந்துவிட்டது.

அலுவலக உதவியாளர் வெற்றிவேலிடம் சொன்னாள்.

"அப்போ நீ மாத்துனதால ஓடுதா, கரண்டு போனதால ஓடுதா?"

"தெரியலண்ணா."

"ஈபி ஆபீசுக்கு ஒரு மாலை வாங்கிப் போடு."

மறுபடி பத்து வைக்கலாமா? ஓடுவதைத் தொடப் பயமாக இருந்தது. முதல்வரிடம் சரியாகிவிட்டது என்றாள். அறைச் சாவியை வெற்றிவேலிடம் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடுங்கண்ணா. இந்த பட்டன்தான்."

"பண்ணா ஓடுமா?"

"ஓடும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? சார்கிட்ட இன்னாமோ சரியாயிடுச்சுன்ன?"

ஞாயிறன்று கோயிலில் பாதிரியார் விசுவாசக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். குழந்தைக்காக எஸ்தர் ஒவ்வொன்றுக்கும் விசுவசிக்கிறேன் என்றாள். கைப்பையில் போன் அதிர்ந்தது. குரல் கொஞ்சம் பிசிறியது. அக்கா திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்து, ஈரத் தலையோடிருந்த குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனைப் பார்த்தாள். வெற்றிவேல் அனுப்பியிருந்தார்.

"காலைல மறந்துட்டேன்மா. இப்பதான் வந்தேன். கம்ப்யூட்டர்ல பாத்தேன், மெயிலு வந்துகினே இருக்குது. இப்ப ஆஃப் பண்ணவா?"

அப்படியானால் எண்ணும் காரணமில்லை, சர்வர் அணைந்து எழுந்ததும் காரணமில்லை. அல்லது நிற்க இன்னும் நேரம் வரவில்லை. "பண்ணுங்க" என்று அடித்தாள். அழித்தாள்.

"இன்னாடி, போட்டோவுக்கு வா" என்றாள் எலிசபெத்.

"வேணாம். தொடாதீங்க" என்று அனுப்பினாள்.

வரிசையில் போய் நின்றாள். போன் மறுபடி அதிர்ந்தது. நல்லதா கெட்டதா என்று தெரியாமல், கேமராவைப் பார்த்தாள்.