குழந்தையைப் பார்க்க வந்து குழாயைப் பார்த்தவர்

தூளியை ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. நூர்ஜஹான் அக்கா போய்விட்டார், மாரடைப்பு. கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு, நாற்காலி மேல் ஏறி, தூளி தொங்கும் கொக்கியைத் தடவிப் பார்த்தேன்.

அடையாறு ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அலுமினியக் கலவைகளைச் சூடாக்கி, குளிரவைத்து, உடையும்வரை இழுத்தும் ஆட்டியும் பார்ப்பதுதானே நம் பிழைப்பு.

என் மகள் பிறந்த பிறகு எங்கள் கொட்டிவாக்கம் வீட்டுக்கு வந்தார். மேற்குப் பார்த்த பால்கனியில், இரு சுவர்களுக்கு நடுவே இறுக்கியிருந்த அலுமினியக் குழாயில் தூளி கட்டியிருந்தோம், காற்று வருமே என்று. அவர் குழந்தை முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"இன்னா இது? யார் கட்டினது?"

"நான்தான் அக்கா. நானே தொங்கிப் பார்த்துட்டேன், எழுபது கிலோ," என்றார் என் கணவர், பெருமையாக.

"நீ ஒரு தபா தொங்கினே நைனா. ஆறு கிலோவ தினம் ஆட்டிக்கினே கீறீங்களே, அது எத்தினி தபா? இரும்புன்னா சின்ன ஆட்டத்தைப் பொறுத்துக்கும். இந்த அலுமினியம் ஒவ்வொண்ணையும் சேத்து வெச்சுக்கும். பகல்ல வெயில்ல நீளப் பாக்கும், சுவரு விடாது. ராவுல சுருங்கும்."

சொல்லிக்கொண்டே காலித் தூளியின் முடிச்சை அவிழ்த்தார். குழந்தையை வைத்திருந்த என் மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பச்சைப் புள்ளையப் பாக்க வந்தவங்க தூளிய அவுக்கலாமா?"

"புள்ளைய என் மடில குடுத்துட்டு அப்புறம் திட்டுங்கம்மா."

குழாயை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ச் சிவப்புச் சாயம் தடவிப் பார்த்தார். விரிசல் இருந்தால் சாயம் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் இல்லை. மாமியார் ஜெயித்த சிரிப்போடு வளையவந்தார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. கூடத்துக் கூரையின் இரும்புக் கொக்கிக்குத் தூளியை மாற்றிய பிறகும் கொக்கியைத் தடவினேன், முடிச்சை இழுத்தேன், தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்தேன். மூச்சு வந்தது. மறுபடியும் வைத்தேன்.

போனில் புலம்பினால் அதட்டுவார்: "மாசத்துல ஒருநாள் பாரு. நல்லாப் பாரு. நடுவுல கைய எடுத்துடு. மெஷின்கிட்ட அப்படித்தானே கீறோம்? புள்ளைய மட்டும் ஏன் தூங்கவிட மாட்டேங்கறே?"

அவர் தன்னை என்றைக்காவது டாக்டரிடம் காட்டிக்கொண்டாரா? நம்மில் யாராவது கேட்டோமா? இந்தக் கேள்வி என்னை உட்கார விடவில்லை. இதை எழுதும்போதே இரண்டொரு தரம் தூளியைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

'நடுவுல கைய எடுத்துடு.' அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இப்போதும் தூளி அருகில்தான் நிற்கிறேன். கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டேன் அக்கா. அவள் மூக்கருகிலிருந்து எடுக்கத்தான் இன்னும் கொஞ்சம் நேரமாகிறது.