அட்டையில் பெயரில்லாத தொகுப்பாசிரியர்

ரெஜினா அக்கா இன்று காலை போய்விட்டார்.

தூக்கத்திலேயே... செய்தி வந்ததும் ஸ்கூலில் சொல்லிவிட்டு நேரே பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஃபோனில் டைப் செய்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு... கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். கோலாலம்பூரில் தமிழில் நடந்த பல வரலாற்று, இலக்கிய மாநாடுகளுக்குப் பின்னால் அவர்தான் இருந்தார். எங்களிடம் கட்டுரை கேட்டு விரட்டி, வாங்கி, திருத்தி, தொகுப்பாகக் கொண்டுவருவது அவர் வேலை. அவருடைய சிவப்பு மை படாத பேப்பர் எங்களில் யாரிடமும் கிடையாது.

என் முதல் பேப்பர், 1930களில் கேரி தீவுப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைப் பற்றியது. கள்ளுக்கடையை மூடச் சொல்லி ஆட்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். முன்னால் நின்றவர்கள் யார் யார் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வெள்ளைக்காரத் துரைக்குக் காட்டிக்கொடுத்தார். அந்தக் குடும்பங்களை லயத்து வரிசை வீடுகளிலிருந்து வெளியே தள்ளினார்கள்.

கிள்ளானில் ஒரு பெரியவர் எனக்குச் சொன்ன விஷயம். கிராணியின் பெயரையும் எழுதியிருந்தேன்.

அனுப்பிய மறுநாள் அக்கா ஃபோன் செய்தார்.

"வசந்தி, இந்தக் கிராணி யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா."

"எங்க அம்மாவோட அப்பா."

பெயரை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்காத. ஆனா ஒருத்தர் சொன்னத மட்டும் வச்சு ஒரு மனுஷன் பேர அச்சுல போடக்கூடாது, யாரா இருந்தாலும். இன்னொரு ஆளக் கண்டுபிடி. நானும் வரேன்."

கண்டுபிடித்தேன். வெளியே தள்ளப்பட்டவர்களில் ஒருவரின் மகன், அவரும் வயதான பெரியவர். சாலாக் செலாத்தானில் தன் மகள் வீட்டில் இருந்தார். அக்காவின் காரில் போனோம்.

பெரியவர் நன்றாகத்தான் பேச ஆரம்பித்தார். அப்போது அவர் சின்னப் பிள்ளை. மழை விட்ட நேரம். கிராணி லயத்து வாசலில் வந்து நின்று, மடக்கிய குடையின் முனையால் கதவு கதவாகக் காட்டினாராம். காட்டிய வீட்டிலிருந்து சட்டி பானையெல்லாம் வெளியே வந்து சேற்றில் விழுந்ததாம்.

"எங்கப்பா அவன் கால்ல விழல. எங்கம்மாதான் விழுந்துச்சு," என்றார்.

அக்கா பேனாவை மூடி வைத்தார். "அங்கிள், உங்ககிட்ட மறைக்கக்கூடாது. நான் அவரோட பேத்தி."

கோப்பி கொண்டுவந்த மகள் பாதி வழியில் நின்றுவிட்டார். பெரியவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எதுக்கு வந்தீங்க? மன்னிப்பு கேக்கவா?"

"நான் கேட்டா அது தீராது அங்கிள். நடந்தத சரியா எழுதணும். உங்கப்பா பேர இதுவரைக்கும் யாரும் எழுதல. அத எப்படி எழுதணும்னு சொல்லுங்க."

அவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான் என்று நான் பையை எடுத்தேன். அக்கா அசையவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "முனியாண்டி. 'ஆண்டி'க்கு மூணு சுழி போடுங்க."

மாநாட்டு நாள். என் செஷனுக்கு அக்காதான் தலைவர். மேடை ஏறியபிறகுதான் பார்த்தேன்... முன் வரிசையில் அவர் தம்பி, சேவியர் அண்ணன். கையைக் கட்டிக்கொண்டு.

கிராணியின் பெயரைப் படித்ததும் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க! செத்துப்போன மனுஷன் வந்து பதில் சொல்ல முடியுமா? யாரக் கேட்டு எங்க தாத்தா பேரச் சொல்றீங்க?"

ஹால் முழுக்கத் திரும்பியது.

அக்கா மைக்கை இழுத்துக்கொண்டார். "கேள்வி நேரம் கடைசியில இருக்கு, மிஸ்டர் சேவியர். தயவுசெஞ்சு உட்காருங்க."

"அக்கா!"

"உட்காருங்க. வசந்தி, விட்ட இடத்துலேந்து படி."

அவர் உட்காரவில்லை. வெளியே போனார். கதவு அறைந்த சத்தம்...

நான் எப்படிப் படித்து முடித்தேன் என்று தெரியாது. பக்கத்தில் அக்காவின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அது மட்டும் கண்ணில் நிற்கிறது.

அதோடு விவகாரம் முடியவில்லை. தொகுப்பு அச்சுக்குப் போகும்முன் கமிட்டி கூடியது. பெயரை எடுத்துவிட்டு 'ஒரு கிராணி' என்று போட்டால் போதுமே, எதற்கு வம்பு என்றார்கள்.

"அப்ப முனியாண்டி பேரையும் எடுத்துட்டு 'ஒரு கூலி'ன்னு போடுவீங்களா?" என்று கேட்டார் அக்கா. "இவ்வளவு நாள் அப்படித்தான லா போட்டோம்?"

ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "டாக்டர் ரெஜினா, குடும்பத்து ஆளே தொகுப்பாசிரியரா இருந்தா, நாளைக்கு ரெண்டு பக்கமும் குறை சொல்லுவாங்க."

அக்கா தலையசைத்தார்.

"அது நியாயம். என் பேர எடுத்துடுங்க. தாத்தா பேரும் முனியாண்டி பேரும் இருக்கட்டும்."

வருடக்கணக்கில் உழைத்த தொகுப்பு. வெளியீட்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அட்டையில் வேறொருவர் பெயர்.

நான் அழுதுவிட்டேன். அவரோ என் கட்டுரையைப் பிரித்து ஓர் ஒற்றுப் பிழையைக் காட்டினார். விளையாட்டில்லை, நிஜமாகவே கோபம்.

அதற்குப் பிறகு எத்தனையோ கிறிஸ்துமஸ்... தம்பி அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. அக்கா அதைப் பற்றிப் பேசியதில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

நாளை காலை சர்ச்சில் பூசை. வரமுடிந்தவர்கள் வாருங்கள்.

வீட்டுக்கு எதிரே காரில் இருந்துதான் இதை டைப் செய்கிறேன். வாசலில் சேவியர் அண்ணன் நிற்கிறார். வருகிறவர்களின் கையைப் பிடித்து உள்ளே அனுப்புகிறார். அழுது முகம் வீங்கியிருக்கிறது.

என்னைப் பார்த்துவிட்டார்.

இறங்குகிறேன்.

போய்ட்டு வாங்கக்கா...