பஸ் ஹாரன் வைத்த சிவப்புக் கார்

எனக்கு எழுபது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று என் ஓரகத்தி விட்டுவிட்டுப் போனது. ஐந்து பேரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்கத் தெரியும். அதற்கு மேல் எழுத்து எனக்குத் தேவைப்படவில்லை. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். அவசரப்படாமல் எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இதைச் சொல்ல வந்ததற்குக் காரணம் என் பேரன். சிப்காட்டில் வேலை. லீவு நாள் வந்தால் காயலான் கடை காயலான் கடையாகச் சுற்றி, ஒரு பழைய இரண்டு சீட்டுக் காருக்குச் சாமான் தேடிக்கொண்டிருக்கிறான். கார் எங்கள் வாசலில் சக்கரமில்லாமல் செங்கல் மேல் நிற்கிறது. "ஆயா, இந்த மாதிரி காரு நீ கண்ணால கூட பாத்திருக்க மாட்ட" என்றான் போன வாரம். நான் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "பாக்கல. திருவள்ளூர் வரைக்கும் குந்திக்கினு போனேன்" என்றேன்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். கும்மிடிப்பூண்டியில் கல்கத்தா ரோட்டை ஒட்டி எங்கள் அப்பாவின் காயலான் கடை. இன்றைக்கு அங்கே ஒரு தொழிற்சாலையின் கேட்டு நிற்கிறது. அன்றைக்கு அடிபட்ட லாரிகளும் பஸ்களும், மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்புகளும் நின்றன. வீடும் அதற்குள்ளேயேதான். மற்ற பிள்ளைகள் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து விளையாடினார்கள். நாங்கள் பஸ்ஸுக்குள் ஒளிந்தோம்.

எங்களோடு அத்தை இருந்தாள், அப்பாவின் தங்கை. அவளைத் திருவள்ளூரில் கட்டிக் கொடுத்திருந்தது. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் என்று பேச்சு. அப்பா கடையில் கிடந்த வண்டிகளைப் பிரித்து, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, ஒரு வண்டியாகப் பூட்டிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார். அவர் மனதில் கள்ளம் இல்லை. காயலான் கடைக்காரருக்கு வண்டி என்றாலே அப்படித்தான் பிறக்கும். வண்டி நன்றாகவே ஓடியது. ஹாரன்தான் அடிக்கவில்லை. மாப்பிள்ளை முதல் நாள் தெருவில் போகும்போது எருமை குறுக்கே வந்திருக்கிறது. இவர் ஹாரனை அழுத்த, அது ஊமையாக இருக்க, எருமை தன் பாட்டுக்கு நிற்க, மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு சாக்கடையில் இறங்கிவிட்டார். தெருவே சிரித்தது. "காயலாங்கடையில பொறுக்குன வண்டி, காயலாங்கடையில பொறுக்குன பொண்ணு" என்று சொல்லி, மாமியார் அத்தையை ஒரு டிரங்குப் பெட்டியோடு அனுப்பிவிட்டாள். வண்டியை அனுப்பவில்லை. கொஞ்ச காலத்தில் அவருக்கு வேறு கல்யாணமும் ஆயிற்று.

அம்மா பக்கத்து வீட்டில் சொல்லும்போது நான் கேட்ட கதை இது. எனக்கு அதில் எருமைதான் பிடித்த இடம். பிள்ளைகளிடம் சொன்னது, அத்தை ஊருக்கு வந்திருக்கிறாள் என்று. எனக்கு நினைவு தெரிந்த நாளாய் அவள் ஊருக்கு வந்தவளாகவே இருந்தாள்.

ஒரு ஐப்பசி மழையில் அந்தக் கார் வந்தது. மெட்ராஸில் ஏதோ பங்களாவைக் காலி செய்தபோது தட்டுமுட்டுச் சாமானோடு சாமானாக லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். சிவப்பு நிறம். நீள மூக்கு, குட்டைப் பின்பக்கம், கூரை கிடையாது, இரண்டே சீட்டு. அந்தச் சீட்டிலும் எலி குடித்தனம் செய்திருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இதுல புருசன் பொண்டாட்டி குந்துனா புள்ளைங்கள எங்க போட்றது?" என்று கேட்டாள். அப்பா அதைத் திருவொற்றியூர்ப் பட்டறைக்கு, உருக்கப் போகிற இரும்போடு சேர்த்து ஒதுக்கிவிட்டார்.

அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு, "அண்ணா, இத்த எனக்குக் குடு" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"ஓட்டிக்கினு போறதுக்கு."

அவளுக்கு ஓட்டத் தெரியும். கடைக்குள் வண்டியை நகர்த்த ஆள் பற்றாதபோது அப்பாவே அவளை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்துப் பழக்கியிருந்தார். அவர் கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார். "பொங்கல் முடிஞ்சா உருக்குற பட்டறை லாரி வரும். அதுக்குள்ள இது தன் கால்ல கேட்டைத் தாண்டிச்சினா உன்னுது. இல்லாட்டி லாரிக்கு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அத்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து சாமான் தேடி அலைந்தோம். தனியாகப் போகும் பெண்ணைப் பார்த்தால் எங்கே என்று கேட்பார்கள், பிள்ளையோடு போனால் கேட்க மாட்டார்கள் என்று அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அளவு பார்க்க உடைந்த சாமானை முந்தானையில் முடிந்துகொள்வாள். கடையில் நுழைந்ததும் வேறு எதையாவது விலை கேட்பாள். வேண்டியது காலடியில் கிடந்தாலும் குனிய மாட்டாள், கால் கட்டைவிரலால் புரட்டிப் பார்ப்பாள். காயலான் கடையில் வேண்டியதைக் கண்ணால் பார்த்துவிட்டால் விலை ஏறிவிடும். எனக்கும் அப்படியே சொல்லி வைத்திருந்தாள்.

கம்பிச் சக்கரம் புதுப்பேட்டையில் கிடைத்தது. முன் கண்ணாடிக்குப் பொன்னேரியில் ஒரு பஸ் கண்ணாடியை அறுத்துக்கொண்டோம். சீட்டுக்கு ரயில்வே ஏலத்தில் வந்த முதல் வகுப்பு மெத்தை. கார்புரேட்டர்தான் எங்கும் இல்லை. கடைசியில் வள்ளூரில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்கப் போனால், ஆடுகிற அம்மிக்கல்லுக்கு அடியில் அதை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாளுக்கு ஒரு நல்ல மரக்கட்டையைச் செதுக்கிக் கொடுத்து, அம்மி ஆடாமல் நிற்கிறதா என்று மிளகாய் அரைத்தும் காட்டிவிட்டு எடுத்து வந்தோம். பெட்ரோல் டேங்க் மூடிக்கு எங்கள் வீட்டுப் பித்தளை டப்பா மூடி சரியாகப் பொருந்தியது. அம்மா காப்பித்தூள் எடுக்கப் போனபோதுதான் அது தெரிந்தது.

பொங்கலுக்கு முன்னால் கார் தயாராகி உறுமியது. அப்பா, "சரி, நவுத்து" என்றார். அத்தை நகரவில்லை.

"ஹாரன் இல்லாம கேட்டைத் தாண்ட மாட்டேன்."

"ஹாரன் இல்லாட்டி வண்டி ஓடாதா? வழியில எவனாவது வந்தா வாயால கத்து. உனக்கு இல்லாத வாயா?"

அத்தை சிரிக்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து போய்க் கடையில் கிடந்த வண்டிகளின் ஹாரனையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். ஒன்று தும்மியது, ஒன்று முனகியது. சத்தம் என்று எதுவும் இல்லை.

பொங்கல் முடிந்து, நாளை லாரி என்று செய்தி வந்துவிட்டது. நாங்கள் ஆரம்பாக்கத்தில் ஒரு தெலுங்குக்காரரின் கடைக்குப் போனோம். அவருடைய கூரை வாரையில் எக்காளம் மாதிரி ஒரு ஹாரன் தொங்கியது.

"இன்னா ஓணும் அம்மாயி?"

"இரும்புச் சங்கிலி கீதா நைனா?"

"சங்கிலி கீது. ஆனா உன் பாப்பா கண்ணு சங்கிலி மேல இல்லியே, ஹாரன் மேல கீது."

அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "சும்மா பாக்குது. எந்த வண்டிது அது?"

"நெல்லூர் பஸ்ஸு. ஏரியில எறங்கிடுச்சு. பஸ்ஸு செத்துப் போச்சு, ஹாரன் சாவல. இங்க அடிச்சா நெல்லூர்ல கேக்கும்."

"நெல்லூர்ல வேணாம் நைனா. திருவள்ளூர்ல கேட்டா போதும்."

அவர் அத்தையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பக்கத்தில் எல்லார் கதையும் எல்லாருக்கும் தெரியும். "டப்பு வேணாம். உங்க அண்ணன்கிட்ட மிலிட்டரி ஜாக்கி ஒண்ணு கீதாமே, அத்த அனுப்பு" என்று சொல்லி ஏணி போட்டு இறக்கிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் பட்டறை லாரி வாசலில் நிற்கும்போதே கார் புறப்பட்டது. இத்தனை நாள் கேலி பேசிய அம்மாதான் அதிகாலையில் எழுந்து அலங்காரம் செய்திருந்தாள். கடையிலிருந்து முதல்முதலாகத் தானே ஓடி வெளியே போகும் எந்த வண்டியையும் எங்கள் வீட்டில் வெறுமனே அனுப்ப மாட்டார்கள். கற்பூரம், பூசணிக்காய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். அதோடு சாமந்தி மாலையும் வேப்பிலைக் கொத்துமாக மூக்கு முழுக்க மூடி, காரை அம்மனாகவே ஆக்கிவிட்டாள். "கண்ணு பட்டுடும் நாத்தனாரே, எதையும் எடுத்துடாத" என்று வேறு சொன்னாள்.

நான் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கேட்டைத் தாண்டும்போது அப்பா லாரி டிரைவரிடம், "எந்தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். பெரியபாளையத்தில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வண்டியை மறித்துக் குங்குமம் கேட்டார். அத்தை தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டு, "இது காரு சாமி" என்றாள்.

திருவள்ளூர் நெருங்கும்போது என்னிடம் சொன்னாள்: "ஒரு தெரு வரும். இந்தத் தலையில நொழைஞ்சி அந்தத் தலையில எறங்குற வரைக்கும் ஹாரன் மேல வெச்ச கைய எடுக்க மாட்டேன். நீ காதப் பொத்திக்க."

தெரு வந்தது. நான் காதை இறுகப் பொத்திக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்தால் எதிரே வெள்ளை வெளேர் என்று ஆவி. வேப்பிலையும் சாமந்தியும் காற்றை அடைத்து, ரேடியேட்டர் கொதித்து, கார் ஒரு வீட்டு வாசலில் இருமிக்கொண்டு நின்றுவிட்டது. அது எந்த வீடு என்று அத்தை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வாசல் ஓரம் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அப்பா கடைப் பச்சைப் பெயிண்ட்.

தெருவில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர், "அட, அதே கடை வண்டியாட்டம் கீதே" என்றார். சிரிப்பு கிளம்பியது. அத்தை இறங்கி, அம்மா கட்டிய மாலையையெல்லாம் பிடுங்கிப் போட்டாள். 

அப்போது அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள். சின்னப் பெண். தலை கலைந்து, தூக்கமில்லாத கண்.

"கும்மிடிப்பூண்டி அக்காதான?" என்றாள் மெதுவாக.

அத்தை கையிலிருந்த வேப்பிலையைக் கீழே போட்டாள்.

"பொம்பள கார் ஓட்டிக்கினு வந்தா வேற யாரு இருக்கப் போறாங்க. இந்தாங்கக்கா, தண்ணி. பத்தலைன்னா இன்னொரு கொடம் கீது."

அத்தை முந்தானையைச் சுருட்டி ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். ஆவி அடங்கியதும் அந்தப் பெண்ணே ஊற்றினாள். சிரித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். வீட்டு நடையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு கிடந்தது. அந்த ஆள் வந்து கொஞ்சம் தள்ளிக் கொடுத்திருக்கலாம். வரவில்லை. அவர் தூங்குகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கார் மறுபடி உறுமியது. நான் ஆசையோடு காதைப் பொத்திக்கொண்டேன். அத்தையின் கை ஹாரனுக்குப் போனது. அந்தப் பெண் கிட்டே வந்து, "அக்கா, ஹாரன் மட்டும் அடிச்சிடாதீங்க. ராவெல்லாம் பேஜாரு பண்ணிட்டு புள்ள இப்பத்தான் கண்ண மூடுச்சு" என்றாள்.

அத்தை அவளைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள். தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, அந்தத் தெருவைப் பூனை மாதிரி கடந்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. திரும்பி வரும் வழியில், மனித வாடையே இல்லாத வயல் நடுவில் எருமைக் கூட்டம் ஒன்று ரோட்டை அடைத்து நின்றது. அத்தை ஹாரனை ஆசை தீர அடித்தாள். கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. எருமை ஒன்றும் அசையவில்லை. அத்தை சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னையும் அழுத்தச் சொன்னாள். என் கோபம் போகவில்லை.

வீட்டில் இறங்கியதும் அப்பாவிடம் ஓடி, "அந்தத் தெருவுல அத்த ஹாரனே அடிக்கல. புள்ள தூங்குதாம்" என்று முறையிட்டேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஹாரன் அடிக்குதில்ல?"

"அடிக்குது."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, ஜாக்கியை எடுத்து ஆரம்பாக்கம் அனுப்பப் போய்விட்டார்.

அத்தை அந்தக் காரை வெகு நாள் வைத்திருந்தாள். பிறகு கடையையே அவள்தான் நடத்தினாள், கார் யாரிடமோ போயிற்று. அவளைப் போல ஏமாளி உண்டா என்று நான் வருஷக்கணக்கில் நினைத்திருக்கிறேன். அத்தனை ஊர் அலைந்து வாங்கிய ஹாரனை யாரோ ஒரு பிள்ளையின் தூக்கத்துக்காக விட்டுக்கொடுப்பார்களா? ஐந்து பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு எனக்குப் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு அந்தப் பெண்ணின் கண்ணை இப்போதும் நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

பேரன் நேற்று வந்து, சாமான் எல்லாம் கிடைத்துவிட்டது, ஹாரன் ஒன்றுதான் அந்தக் காலத்துச் சத்தத்தில் கிடைக்கவில்லை என்றான். என் கட்டிலுக்கு அடியில் அத்தையின் டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் வாய் திறக்கவில்லை. இதைப் படித்துவிட்டு அவனே வந்து கேட்கட்டும்.

எழுதிவிட்டாயா கண்ணு? எங்கே, அந்தக் குடத்துத் தண்ணீர் வந்த இடத்திலிருந்து ஒரு தரம் எனக்கு வாசி. பிள்ளை தூங்குகிற இடத்தில் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்.