பண்டாரவளையில் தாயும் மகளும் இடம் மாறினார்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை தெமோதரையிலிருந்து பண்டாரவளைக்குப் போய்வந்தோம். நான், மகள் புஷ்பம், அவளுடைய மகள் தனுஜா. புஷ்பம் ஐந்து வருடம் குவைத்தில் வீட்டுவேலை பார்த்துவிட்டு வந்தவள். வந்து மூன்று மாதமாகியும் தனுஜா தாயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. குடும்பத்தோடு ஆலோசனைக்குப் போகச் சொன்னது பள்ளிக்கூட டீச்சர். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, தனுஜா போனில் டைப் அடிக்கிறாள். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும்.

காலை ரயிலில் மூன்றாம் வகுப்பு, ஒரு மணி நேரத்துக்குள் பண்டாரவளை. ஸ்டேஷனிலிருந்து ஆலோசனை நிலையத்துக்கு ஆட்டோவில் முந்நூறு ரூபாய். "யாருக்குங்க சொகமில்ல?" என்றார் டிரைவர். "வீட்டுக்கு" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

மருந்து, ஊசி கிடையாது. நடிக்க வைக்கிறார்கள். உளநாடகம் என்று பெயராம். ஆலோசகர் இளம்பெண், மிஸ் என்றே கூப்பிட்டோம்.

"வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு தூரமோ, அப்படியே நில்லுங்க" என்றார். நாங்கள் சுவரோரமாக வரிசை கட்டி நின்றோம். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் நின்ற பழக்கம்.

"யாரைப் பார்த்து நிக்கிறீங்க ஐயா?"

"பேர் கூப்பிடுவீங்கன்னுதான் மிஸ்."

மிஸ் சிரித்துவிட்டு மறுபடி விளக்கினார். இந்த முறை தனுஜா கதவருகே போய் முதுகைக் காட்டி நின்றாள். புஷ்பத்தின் முகம் சுருங்கிவிட்டது.

அடுத்து, தாய் மகளாகவும் மகள் தாயாகவும் மாற வேண்டும். புஷ்பம் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உதட்டைச் சுழித்து, அசல் தனுஜாவாகவே உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. (இதை அடிக்க மாட்டேன் என்கிறாள் தனுஜா. அடி என்கிறேன்.)

தாயான தனுஜா, "சாப்பிட்டியா?" என்றாள். பதில் இல்லை. "ஸ்கூலுக்குப் போனியா?" அதற்கும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துவிட்டுக் கத்திவிட்டாள். "அந்த வீட்டுல நின்னுக்கிட்டே சோறு தின்னேன்டி. ஒங்கொரல கேக்கத்தான் போன் போட்டேன். ஒரு வார்த்த பேசேன்!"

நின்றுகொண்டே தின்றதைப் புஷ்பம் என்னிடம்தான் சொல்லியிருந்தாள். பேசாத பிள்ளை அத்தனையையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

மிஸ் அவரவர் இடத்துக்குத் திரும்பச் சொன்னார். தனுஜா மெதுவாக, "போகயில என்னைய எழுப்பவே இல்ல" என்றாள்.

"எழுப்பியிருந்தா போயிருக்க மாட்டேன்டி."

எத்தனையோ துணிச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத அறையில் இப்படி வாய் திறந்த இரண்டு பேரும் என் வீட்டுப் பிள்ளைகள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ரயிலில் ஏறியதும், "அம்மா, தள்ளு. ஜன்னல் எனக்கு."

"டிக்கெட்டுல ஒம்பேரா எழுதியிருக்கு?"

எல்ல ஸ்டேஷன் வரை சண்டை ஓயவில்லை.

போகிறவர்கள் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் எடுக்கும். பிள்ளையை மட்டும் அனுப்பாமல் வீட்டோடு போங்கள். ஒரே தடவையில் எல்லாம் சரியாகாது. நாங்களும் இன்னும் போக வேண்டும். திரும்பும்போது ரயிலிலேயே வாருங்கள். பஸ் நெரிசலில் தாயும் மகளும் சண்டை போட இடம் போதாது.