குடல் எடுக்காத களவா

கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரிகிறது. மேலே கிடந்த களவா மீன் துண்டுக்குள், நூல் சுருண்ட மாதிரி ஒரு புழு. மண்டபத்து மீன் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. சரக்கு கொண்டுவந்த முதலாளி எதிரில் நிற்கிறார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவர் குரலை நான் மறக்கவில்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மாரியூரில் அம்மா அவருக்குத்தான் மீன் போடுவாள். மீன் கரைக்கு வந்ததுமே வயிற்றைக் கீறிக் குடலை உருவிவிடுவாள். விட்டுவைத்தால் குடலில் இருக்கும் புழு சதைக்கு ஏறிவிடும். அவர்தான் தடுத்தார். "கொடல எடுத்தா எடை கொறையும். முழுசாப் போடு." போட்டாள். வெயிலில் கிடந்த மீனில் புழு சதைக்கு ஏறிவிட்டது. சந்தையே பார்க்க, கூடையை அம்மா தலையில் கவிழ்த்தார். "ஏ புழுக்காரி!" அவள் கழுத்தில் வடிந்த மீன் ரத்தத்தின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அதன்பிறகு அவள் கை மீனை யாரும் வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"ஃப்ரீசர்ல போட்டா செத்துரும். பாத்து விட்டுரு தாயி," என்றார் எதிரில் நின்ற முதலாளி.

உண்மைதான். புழு இருந்த துண்டுகளை ஒதுக்கிவிட்டு, மீதியை உறையவைத்து அனுப்ப எனக்கு அதிகாரம் உண்டு. அனுப்பவில்லை. வெளியே நின்ற வியாபாரிகளையெல்லாம் கூப்பிட்டு, மேசையைச் சுற்றி நிற்கவைத்துக் காட்டினேன். லோடு முழுவதையும் கழித்தேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. "நீ எந்த ஊரு தாயி? யாரு மக?"

"மாரியூரு. புழுக்காரி மக."