கரி பஸ்ஸும் நானும்

கம்பத்திலிருந்து தேனிக்கு முதல் பஸ் காலை ஆறு மணிக்கு. அதை ஓட்டியவன் நான். ஒன்பது வருஷம், ஒரு நாள்கூட லீவு போடாமல் ஓட்டினேன். ஆறு என்றால் ஆறுதான். சின்னமனூர்க் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்காரர் என் பஸ் வந்து நிற்பதைப் பார்த்துத்தான் ஸ்டூல் மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைத் திருத்துவார். யாரோ சொல்லிக் கேட்டதல்ல இது, ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி நானே பலமுறை பார்த்தது. அந்த முள் நகரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எல்லோரும் மேழி பிடித்தவர்கள். மோட்டார் ஓட்டப் பழகவென்று நான் மதுரைக்குக் கிளம்பியபோது சொந்தக்காரர் ஒருவர், "மாடு பத்துற பயலுக்கு மோட்டாராம்ல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என் காதிலேயே தங்கிவிட்டது. லைசென்ஸ் வாங்கி ஊர் திரும்பியவன், ஒரு சின்னத் தப்புக்கும் இடம் கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

வண்டியைக் கழுவ ஆள் இருந்தும் நானே கழுவுவேன். அவர்கள் துடைத்தால் கண்ணாடி ஓரத்தில் ஒரு கோடு நிற்கும், அது என் கண்ணை உறுத்தும். வழியில் எந்தப் பாலத்தில் எத்தனை நிமிஷம், எந்த ஊரில் எத்தனை பேர் ஏற எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தேனியில் மதுரை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் என்னை நம்பித்தான் ஏறுவார்கள். ஒரு தடவைகூட நான் ரயிலைத் தவறவிட்டதில்லை. ஆனால் கையை ஆட்டிக்கொண்டு வரப்பில் ஓடிவந்த எத்தனையோ பேரைத் தவறவிட்டிருக்கிறேன். கண்ணாடியில் அவர்கள் சிறுத்துக்கொண்டே போவது தெரியும். மணிக்கு வராதது அவர்கள் குற்றம் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகளுக்குக் காது குத்து வீரபாண்டி கோயிலில் நடந்தது. கோயில் எங்கள் பஸ் போகும் சாலையை ஒட்டியே இருக்கிறது. அன்றைக்காவது லீவு போடுங்கள் என்று என் மனைவி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கோயில் வழியாத்தானே வர்றேன், இறங்கி வந்துட்டுப் போறேன்" என்றேன். வந்தேன். ஆனால் அன்று உத்தமபாளையத்தில் ஒரு வாழைத்தார் வியாபாரி சரக்கு ஏற்றியதில் நான்கு நிமிஷம் போய்விட்டது. வீரபாண்டியில் இறங்கினால் ஐந்தாவது நிமிஷமும் போகும். நான் இறங்கவில்லை. மரங்களுக்கு நடுவே எங்கள் ஆட்கள் கூட்டமாக நிற்பது தெரிந்தது. ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஹாரன் சத்தம் கேட்டுச்சு. மாமன் மடியில அழுதுக்கிட்டு இருந்த புள்ளை, அப்பா வந்துட்டாகன்னு அழுகையை நிப்பாட்டிட்டு வாசலையே பாத்துச்சு. அந்த நேரத்துலதான் குத்துனாக."

மறுநாள் ஆறு மணிக்குக் கம்பத்தில் வண்டியை எடுத்தேன்.

யுத்தம் வந்தது. பெட்ரோல் குறைந்து, பிறகு அறவே கிடைக்காமல் போனது. முதலாளி மதுரையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து பஸ்ஸின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பைப் பொருத்தினார். அதில் மரக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, பக்கத்திலிருக்கும் காற்றாடிச் சக்கரத்தை அரை மணி நேரம் கையால் சுற்றினால் ஒரு வாயு கிளம்பும். அந்த வாயுவில் இன்ஜின் ஓட வேண்டும். ஊரெல்லாம் அதைக் கரி பஸ் என்றார்கள்.

முதல் நாள் கண்டக்டரும் நானும் மாறி மாறிச் சக்கரத்தைச் சுற்றினோம். வண்டி கம்பத்தைவிட்டு நகரும்போது மணி ஏழேகால். உத்தமபாளையம் தாண்டி ஒரு சின்ன ஏற்றம். பெட்ரோல் காலத்தில் அது ஏற்றம் என்றே எனக்குத் தெரியாது. அங்கே வண்டி இருமிக்கொண்டு நின்றது. ஆண்களெல்லாம் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். சீலையம்பட்டியில் மறுபடி நின்றது. தேனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

பயணிகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தள்ளிக்கொண்டு வந்த கதையைப் பேசிச் சிரித்தபடி இறங்கிப் போனார்கள். நான்தான் ஸ்டியரிங்கைவிட்டுக் கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதை ஜெயித்தே தீருவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன், ஷெட்டிலேயே படுத்தேன். கரியைச் சல்லடையில் சலித்து எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகளை மட்டும் பொறுக்கினேன். வேலமரக் கரி நன்றாக எரியும், ஈரமில்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. சாம்பல் வடிகட்டியை மற்ற டிரைவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கழற்றினால் நான் தினமும் கழற்றினேன். இத்தனையும் செய்து, ஏழேகாலை ஆறே முக்காலுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் ஒரு நிமிஷம் குறையவில்லை. சோறு இறங்கவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் ஒருநாள் தயங்கித் தயங்கி, "அண்ணே, உங்க மூஞ்சியே சாம்பலாட்டம் இருக்கு" என்றார். அவரைத் திட்டி அனுப்பினேன்.

அந்த வாரமே ஒரு காலையில், அடுப்பின் மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தேன். எதற்குக் குனிந்தேன் என்பது நினைவில்லை. கண் விழித்தபோது ஷெட்டுக்கு வெளியே மண்ணில் கிடந்தேன். கண்டக்டர் என் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். கரியின் நச்சுக் காற்று தலைக்கேறிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். பதினைந்து நாள் படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு. என் மனைவி மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

எங்கள் வீடு அனுமந்தன்பட்டியில், சாலைக்குப் பக்கத்தில். வேறொரு டிரைவர் என் பஸ்ஸை ஓட்டினார். படுத்த இடத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஒருநாள் எட்டு மணிக்குச் சத்தம் வரும், ஒருநாள் எட்டரைக்கு. புளியமரத்தடியில் காத்திருந்தவர்கள் வெற்றிலை போட்டு ஊர்க்கதை பேசி, பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள். யாரும் கோபப்பட்ட சத்தம் என் காதில் விழவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான்காம் நாள் எழுந்து வேட்டியைக் கட்டினேன்.

"எங்கன கிளம்பிட்டீக?" என்றாள் மனைவி.

"நான் போகாட்டி வண்டி பாழாப் போயிரும்."

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. "நேத்து பஸ்ஸு ரெண்டரை மணி நேரம் லேட்டு. ஒருத்தராச்சும் உங்களைத் தேடுனாகளா? இந்தப் புள்ளை எட்டு வருசமாத் தேடுது."

மகள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயந்த மாதிரித்தான் கேட்டாள்: "அப்பா, நீங்க இங்கனயேவா இருப்பீக? எம்புட்டு நாளைக்கு?"

விருந்தாளியைக் கேட்கிற கேள்வி அது. நான் வேட்டியைத் தளர்த்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். அன்று முழுவதும் அவள் என்னைவிட்டு நகரவில்லை. அவளுக்குச் சிலேட்டில் கணக்குப் போட வரும், எழுத்து கோணல், முன்பல் ஒன்று இப்போதுதான் விழுந்திருக்கிறது, பாகற்காய் என்றால் உயிர். இதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

உடம்பு தேறியதும் முதலாளியைப் பார்க்கப் போனேன். வாரத்துக்கு ஒருநாள் லீவு வேண்டும், அன்று மாற்று டிரைவர் ஓட்டட்டும், பஸ் நிறுத்தத்தில் ஆறு மணி என்று எழுதியிருக்கும் பலகையை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன்.

"ஏப்பா, நீயா லீவு கேக்குறே?" என்றார். என் தலையில் இன்னும் கரிக்காற்று இருக்கிறதோ என்று பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தார்.

"ஆமா மொதலாளி. கரி எப்ப பிடிக்குதோ அப்பத்தான் வண்டி கிளம்பும். இல்லாத மணியை எதுக்குப் பலகையில எழுதணும்?"

அவர் சரி என்றார்.

கேட்டு வாங்கிவிட்டேனே தவிர, முதல் லீவு நாள் எனக்கு ஜெயில் மாதிரி இருந்தது. சாலை ஓரத்தில் போய் நின்றேன். பஸ் வந்தது. கண்ணாடியில் சேறு அப்படியே காய்ந்து கிடந்தது. ஒரு துணி கொடுங்கள் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகள் என் சுண்டுவிரலைப் பிடித்து ஆற்றுக்கு இழுத்தாள். முல்லையாற்றில் அவளுக்கு நீச்சல் பழக்கினேன். பழக்கினேன் என்று சொல்வதைவிட இரண்டு பேரும் தண்ணீர் குடித்தோம் என்பதுதான் சரி. இரண்டாவது வாரம் சாலைக்குப் போகாமல் நேரே ஆற்றுக்குப் போனேன். நாலைந்து மாதம் ஆயிற்று, பஸ் சத்தம் கேட்டும் தலை திரும்பாமல் இருப்பதற்கு.

அந்தச் சமயத்தில் போடி - மதுரை ரயில் பாதையின் தண்டவாளங்களை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிடிக்க ரயிலே இல்லை. இருமிக்கொண்டு நகரும் எங்கள் கரி பஸ்தான் ஜனங்களுக்குக் கதி. சின்னமனூரில் ஓர் அம்மாள் ஏறுவார். தேனி ஆஸ்பத்திரியில் கால் முறிந்து கிடந்த மகனுக்குத் தினமும் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி கொண்டுபோவார். வயசானவர், ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அவருக்காக நான் நின்றேன். ஒருநாள் கால் மணி நேரம் பார்த்தும் ஆளைக் காணோம். பயணிகளில் ஒருவர், "டைவரு, அந்த அம்மா இல்லாமப் போயிராதீக" என்றார். கண்டக்டர் தெருவுக்குள் ஓடினார். அந்த அம்மாள் காய்ச்சலில் படுத்திருந்தாராம். கண்டக்டர் தூக்குப் பாத்திரத்தை மட்டும் வாங்கிவந்தார். தேனியில் நானே ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய்க் கொடுத்தேன். பிறகு அந்த மகன் கட்டுப் பிரித்து, கம்பை ஊன்றிக்கொண்டு, தாயோடு எங்கள் பஸ்ஸில்தான் வீடு திரும்பினான். ஏற்றத்தில் வண்டி நின்றபோது அவனும் இறங்கித் தள்ள வந்தான். எல்லோரும் சேர்ந்து அவனை அதட்டி உட்காரவைத்தார்கள். ஒன்பது வருஷம் மணி தவறாமல் ஓட்டியபோது ஒருநாளும் வராத மகிழ்ச்சி எனக்கு அன்று வந்தது.

யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் முதலாளி புது பஸ் ஒன்று வாங்கினார். ஆண்டிபட்டி வழியாக மதுரைக்கு நேர் லைன். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வாரத்தில் ஐந்து நாள் மதுரையில் தங்க வேண்டியிருக்கும் என்றார். பள்ளத்தாக்கில் அப்போது எந்த டிரைவருக்கும் அதற்கு மேல் ஒரு கௌரவம் கிடையாது.

"உன்னை விட்டா இதுக்கு ஆளில்லை" என்றார்.

"இருக்காக மொதலாளி" என்று சொல்லி மாற்று டிரைவர் பெயரைச் சொன்னேன். "அவரு எனக்கு மேலேயே ஓட்டுவாரு. நான் இந்த லைன்லயே இருந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் முதுகு நிமிர்ந்திருந்தது. அந்த வேலை கிடைத்து ஊரே மாலை போட்டிருந்தாலும் இவ்வளவு நிமிர்ந்திருக்காது என்று இன்றும் சொல்வேன்.

புது பஸ் முதல் நடை போன அன்று எனக்கு லீவு நாள். எங்கள் வயலில் நடவு. சும்மா வரப்பில் நிற்காமல் நானும் சேற்றில் இறங்கி ஒரு முடி நாற்றை வாங்கிக்கொண்டேன். நான் ஊன்றிய நாற்றில் பாதி, திரும்பிப் பார்ப்பதற்குள் தண்ணீரில் மிதந்தது. நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வயலில் கொக்குகள் எழும்பின. என் மனைவியும் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆழமா அமுக்குங்க, ஆழமா" என்று மகள் வரப்பிலிருந்து கத்தினாள். அந்த வயலில் இருந்தவர்களிலேயே மட்டமான நடவு என்னுடையதுதான். வெயில் தாழும்வரை நட்டுக்கொண்டே இருந்தேன்.