தங்கச்சியிடம் சொல்ல வேண்டியது

அதை மூட்டை இடித்த வீக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மூட்டை இறக்குவது என் வேலை. வண்டியில் இருந்து சரியும் மூட்டையை நெஞ்சில் வாங்கித்தான் தோளுக்கு ஏற்றுவேன். இடது மார்புக் காம்புக்கு அடியில் சுண்டைக்காய் போல ஒன்று, கல் மாதிரி இருந்தது. வலி இல்லை. வலிக்காதது என்ன செய்துவிடும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வலிக்காத கட்டியைத்தான் உடனே காட்ட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

சந்தையில் பனியனோடுதான் வேலை செய்வோம். என்னோடு மூட்டை தூக்குகிறவன் ஒருநாள் பார்த்துவிட்டான்.

"என்ன மாப்ள, ஒரு பக்கம் மட்டும் பொடச்சிருக்கு? எந்தப் பிள்ளைக்குப் பால் குடுக்கப் போற?"

வண்டியடியில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மறுநாளில் இருந்து சட்டையைக் கழற்றுவதில்லை. கொஞ்ச நாளில் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு பனியனில் ரத்தக் கறை பட்டது. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஸ்கேன் எடுக்கும் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். ஓரமாக நின்றேன். நர்ஸ் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சம்சாரம் எங்கண்ணே? உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

"எனக்குத்தான்மா."

அந்த வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு வயதான அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "ஆம்பளைக்குமா வரும்?" என்றார்.

"அவுகளுக்கும் நெஞ்சு இருக்குல்ல. வரக்கூடாதுன்னு எதுவும் எழுதி வச்சிருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். கேலியில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடமும் விட்டார்கள். உட்காரத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது.

மெஷினில் இரண்டு தட்டுக்கு நடுவில் மார்பை வைத்து அழுத்திப் படம் எடுத்தார்கள். அப்புறம் ஊசியால் துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். மார்பில் புற்றுநோயாம், மூட்டை இடித்ததால் வந்தது இல்லையாம். ஆண்களுக்கு இது அரிதாகத்தான் வருமாம், ஆனால் வருமாம். வராது என்று நினைத்துக்கொண்டு ஆண்கள் தாமதமாக வருவதுதான் பெரிய கஷ்டம் என்றார்.

"ஒங்க அம்மாவுக்கு, கூடப் பிறந்தவங்களுக்கு மார்புல கட்டி ஏதும் இருந்துச்சா?"

அம்மா நோயில்தான் போனார். என்ன நோய் என்று வீட்டில் எனக்கு யாரும் சொன்னதில்லை. கடைசி மாதங்களில் அம்மா படுத்திருந்த அறைக்குள் தங்கச்சி மட்டும்தான் போவாள், வருவாள். நான் வாசலில் நின்று, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "பரவாயில்ல" என்பாள். அதோடு சரி.

"தங்கச்சிக்குத் தெரிஞ்சிருக்கும் டாக்டர்" என்றேன்.

"அப்ப அவங்ககிட்ட கேளுங்க. இது சில குடும்பங்கள்ல ரத்தத்தோட வரும். ஒங்க ரத்தத்தப் பாத்தாத் தெரிஞ்சிரும். அவங்களையும் வந்து பாத்துக்கச் சொல்லுங்க."

ஆபரேஷனுக்கு உடன் ஒருவர் வேண்டும் என்றார்கள். கேலி பேசியவன்தான் வந்தான். வார்டு வாசலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"நான் வெளாட்டுக்குத்தான் சொன்னேன் மாப்ள."

"நீ சொன்னதால வரலடா. உக்காரு."

வீட்டுக்கு அனுப்பும்போது, "கட்டு மாத்த வீட்ல யாருக்காவது கத்துக் குடுக்கவா?" என்று நர்ஸ் கேட்டார். எனக்கே கற்றுக்கொடுங்கள் என்றேன். வில்லாபுரத்தில் ஒரே அறைதான். கண்ணாடி முன்னால் நின்று ஒரு கையால் பிரித்து ஒரு கையால் கட்டுவேன். காம்பில்லாத நெஞ்சு யாருடையதோ போல இருக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு பிறகு வந்தது. பரம்பரையாக வரும் அந்தக் குறை என் ரத்தத்தில் இருந்தது. தங்கச்சிக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. அவளுக்கு இருந்தால் அவள் மகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் தெரிந்தால் சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே எனக்குத் தூக்கம் கெடப் போதுமாக இருந்தது.

தங்கச்சியிடம் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பங்களில் இந்த மாதிரி சமாச்சாரத்தை அண்ணன் தங்கச்சியிடம் பேசுவதில்லை. அண்ணன் தன் மனைவியிடம் சொல்வான், அவள் நாத்தனாரிடம் சொல்வாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதை நினைத்து அதுவரை நான் பெரிதாக வருந்தியதில்லை. நடுவில் நின்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் போனபோதுதான் அது உறைத்தது.

போன் பண்ணினேன். "மழை உண்டா அங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். திருநகரில் அவள் வீட்டுக்கே போனேன். மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, சட்டை தொளதொளன்னு இருக்கு, மெலிஞ்சிட்டீங்களா?" என்றாள் மருமகள். காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

சந்தையில் பூக்கட்டும் அம்மா ஒருவருக்கு என் நோய் தெரியும். தங்கச்சியிடம் சொல்ல முடியாமல் திரும்பி வந்ததை அவரிடம் சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டு யோசன? வீட்டக் காட்டுங்கண்ணே, நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

சரி என்று வாய் வரை வந்துவிட்டது. ஆனால் முகம் தெரியாதவர் வாசலில் வந்து நின்று இதைச் சொன்னால் தங்கச்சிக்கு எப்படி இருக்கும்? வேண்டாம் தாயி என்றேன்.

வீட்டில் அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு எங்க கட்டி இருந்துச்சு?" என்று கேட்டேன். கை நின்றது. சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டினேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதே பக்கம்ணே" என்றாள். "நான்தான் துணி மாத்துவேன். 'அண்ணன்கிட்ட சொல்லிராத, கூசிப் போவான்'னு அம்மா சத்தியம் வாங்கிருச்சு. எப்பண்ணே ஆபரேஷன்? யாரு பாத்துக்கிட்டா?"

சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"பொண்ணுக்குப் பேசிக்கிட்டு இருக்கப்பவா இதக் கொண்டாந்த? குடும்பத்துல இப்படின்னு தெரிஞ்சா எவன்ணே கட்டுவான்?"

"நான் ஒங்க பக்கம் யாருகிட்டயும் சொல்லல. நீ போய்ப் பாத்துக்க. அம்புட்டுத்தான்."

"பாப்போம்" என்று அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

வாரங்கள் போயின. போன் வரவில்லை. சொன்னதே தப்போ என்று இருந்தது. சொல்லாமல் விட்டு அவளுக்கு ஏதாவது வந்துவிட்டால் என்றும் இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் கூப்பிட்டாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுண்ணே?"

துணி எடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளைப் பெண்கள் வரிசையில் விட்டுவிட்டு, மனைவிகளுக்காகக் காத்திருந்த ஆண்களோடு போய் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"இப்ப ஒண்ணும் இல்லையாம். ரத்தம் எடுத்திருக்காங்க. அது எப்படி வந்தாலும் வருசா வருசம் வரச் சொல்றாங்க."

பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம்.

"பிள்ளைக்கு?" என்றேன்.

"அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். ரத்த முடிவு வர்ற அன்னைக்கு அவளையே கூட்டிட்டு வந்துக்கிறேன். நீ வேல கெட்டு வர வேணாம்ணே. பொம்பளைங்க நாங்க பாத்துக்குவோம்."

"சரி தாயி" என்றேன். நான் கேட்டதும் அதுதானே. திருநகர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கை காட்டினாள். பஸ் போன பிறகும் வில்லாபுரம் பஸ் வர நேரமானது. அம்மா படுத்திருந்த அறை வாசலில் நின்ற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.